பிரதிகளை எங்கே வைப்பது? – வீட்டுச் சேமிப்புக் கணினி ஒன்றை முன்வைத்து

2022 மே மாதம் ஒரு காலையில் என் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் செத்துப்போனது. கீழே விழவில்லை, தண்ணீர் படவில்லை. வழக்கம்போலச் செருகினேன், 'டிக் டிக்' என்று சத்தம் வந்தது, அவ்வளவுதான். தரவு மீட்பவர் மூன்று நாள் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "ஹெட் போயிருச்சு சார். உள்ள பிளேட்லயும் கோடு விழுந்திருக்கு. ஒண்ணும் எடுக்க முடியாது."

அதில் 230 சிற்றிதழ்கள் இருந்தன. எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து தொண்ணூறுகள் வரை வந்தவை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சேர்த்தவை. 2019இல் எட்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போய்ப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்தேன். அவர் மறுவருடம் காலமானார். வீட்டைக் காலி செய்தபோது இதழ்கள் பழைய பேப்பர் கடைக்குக் கிலோ கணக்கில் போய்விட்டன. அந்தக் குடும்பத்தைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர்கள் செய்ததற்கும், இருநூற்றுச் சொச்சம் இதழ்களை ஒரே ஒரு தட்டில் மூன்று வருடம் வைத்திருந்த என் காரியத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

தமிழில் கோட்பாடு பேசத் தொடங்கிய நாளிலிருந்து நாம் 'பிரதி', 'பிரதி' என்று எழுதித் தள்ளியிருக்கிறோம். பிரதிக்கு வெளியே, பிரதிக்கு உள்ளே, பிரதியின் இன்பம் என்றெல்லாம். அந்தச் சொல்லுக்கு ஊரில் புழங்கும் பொருள் வேறு: நகல். கிராம நிர்வாக அலுவலகத்தில் 'ரெண்டு பிரதி எடுத்துட்டு வா' என்றால் யாரும் வாசிப்புக் கோட்பாட்டை நினைப்பதில்லை. நகல் என்ற பொருளில் பிரதி இல்லாமல் போனால் மற்ற பொருளில் பேசுவதற்கு எதுவும் மிஞ்சாது. இது எனக்கு ஒரு ஹார்டு டிஸ்க் விலையில் விளங்கியது.

தெரிதா 1994இல் லண்டனில் நிகழ்த்தி, மறு ஆண்டு பிரெஞ்சில் நூலான உரையில் ஆவணக்காப்பகம் என்ற சொல்லின் கிரேக்க வேரைத் தோண்டுகிறார். அது ஒரு வீடு. அதிகாரம் படைத்தவர்களின் வீடு. ஆவணங்கள் அங்கே வைக்கப்பட்டன. காவல் காத்தவர்களுக்கே அவற்றுக்குப் பொருள் சொல்லும் உரிமையும் இருந்தது. நம் பக்கத்தில் இன்னொரு வகை வீடும் உண்டு. கோட்டையூரில் ரோஜா முத்தையா தன் வீட்டில் சேர்த்துவைத்தவைதான் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. அதிகாரம் எதுவும் இல்லாத ஒருவரின் வீடு. நான் எழுதப்போவது இந்த இரண்டாவது வகை வீட்டுக்கான பெட்டியைப் பற்றி. சேமிப்புக் கணினி என்பது வேறொன்றுமில்லை: இரவும் பகலும் ஓடுகிற, திரை தேவைப்படாத, தட்டுகளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு வீட்டிலுள்ள மற்றக் கணினிகளுக்குக் கோப்புகளைத் தருகிற ஒரு கணினி.

'மேகத்தில் போட்டுவிட வேண்டியதுதானே' என்று நண்பர்கள் கேட்கிறார்கள். போடலாம், நானும் ஒரு பகுதியைப் போட்டிருக்கிறேன். ஆனால் மேகம் என்பது அடுத்தவர் வீடு. யாஹூ குழுமங்களில் தமிழில் நடந்த விவாதங்கள் எத்தனை! 2020 டிசம்பரில் அந்தக் குழுமங்களே முழுதாக மூடப்பட்டன. கூகுள் போட்டோஸில் வரம்பில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1 உடன் நின்றது. கதவைச் சாத்துவது அவர்கள் உரிமை. இதைத் துரோகம் என்று புலம்புவதைவிட நமக்கென்று ஒரு பிரதி வைத்துக்கொள்வது மேல்.

வாங்கப் போவதற்கு முன் கணக்குப் போட வேண்டும். நம் இதழ்கள் பெரும்பாலும் டெமி 1/8 அளவு, அதாவது ஐந்தரைக்கு எட்டரை அங்குலம். 400 டி.பி.ஐ.யில் வண்ணத்தில் ஸ்கேன் செய்தால் ஒரு பக்கத்துக்கு 2200க்கு 3400 புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட். சுருக்காத டிஃப் கோப்பாக 22 எம்.பி. சொச்சம். 100 பக்க இதழ் ஒன்று 2.2 ஜி.பி. ஆயிரம் இதழ் சேர்த்தாலும் 2.2 டி.பி.தான். நேர்காணல் ஒலிப்பதிவு நல்ல தரத்தில் மணிக்கு ஒரு ஜி.பி. வரும், முந்நூறு மணி நேரம் இருந்தாலும் 300 ஜி.பி. வீடியோ எடுப்பவர்கள்தான் தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும். ஆக, நம் வேலைக்கு 8 டி.பி. தட்டு பல வருடங்களுக்குத் தாங்கும். கடைக்காரர்கள் வேகத்தை விற்பார்கள். நமக்கு வேகம் தேவையே இல்லை. சாதாரணக் கம்பி இணைப்பில் நொடிக்கு நூறு எம்.பி. அளவுக்கு வருகிறது, ஸ்கேன் பக்கம் திறக்க அது தாராளம்.

பெட்டிக்கு நான்கு வழிகள் என் முன்னால் இருந்தன. பழைய மடிக்கணினியில் யு.எஸ்.பி. வழியாகத் தட்டுகளைத் தொங்கவிடுவது ஒன்று. மலிவு, ஆனால் அந்த ஒயர் லேசாக அசைந்தாலே தட்டு காணாமல் போய்த் திரும்பி வரும். இரண்டு தட்டுகளை ஜோடியாக ஓட்டும்போது இது பெரிய தலைவலி. ராஸ்பெர்ரி பை போன்ற உள்ளங்கை அளவுக் கணினிகளுக்கும் அதே குறைதான். சினாலஜி, கியூநாப் போன்றவர்கள் விற்கும் ஆயத்தப் பெட்டி மூன்றாவது வழி. மின்சாரம் குறைவு, சத்தம் குறைவு, அமைப்பது சுலபம். கணினியோடு மல்லுக்கட்ட விருப்பமில்லாத தோழர்களுக்கு இதையே சொல்வேன். ஆனால் இதில் ஓர் அதிகாரக் கதை உண்டு. 2025இல் சினாலஜி தன் புதிய மாடல்கள் சிலவற்றில் தான் ஒப்புதல் தந்த தட்டுகளைத்தான் புதிதாகப் போட முடியும் என்று நிபந்தனை வைத்தது. அதன் பட்டியலில் இருந்தவை பெரும்பாலும் அதன் சொந்தப் பெயர் ஒட்டியவை. எதிர்ப்புக் கிளம்பி, அதே வருடம் அக்டோபரில் மென்பொருள் புதுப்பிப்பு ஒன்றில் நிபந்தனையைத் தளர்த்தியது. தளர்த்தியது நல்லதுதான். ஆனால் என் அலமாரியில் எந்தப் புத்தகத்தை வைக்கலாம் என்று அலமாரி செய்த கம்பெனி சொல்லக்கூடும் என்பது அதற்குள் தெரிந்துவிட்டதே.

நான்காவது வழி: அலுவலகங்கள் கழித்துப் போடும் கணினி. ரிச்சி தெருவில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். இங்கே கவனிக்க வேண்டியது உருவம். புத்தகம் அளவிலான குட்டிப் பெட்டிகள் பார்க்க அழகு. மூன்றரை அங்குலத் தட்டு உள்ளே போகாது. இடைப்பட்ட ஒல்லிப் பெட்டியில் பெரும்பாலும் ஒன்றுதான் போகும். டவர் என்று கேட்டு வாங்க வேண்டும். அதிலும் மூடியைக் கழற்றச் சொல்லி இரண்டு தட்டுக்கான கூடு இருக்கிறதா, போர்டில் சாட்டா சொருகுகள் எத்தனை, எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தட்டுக்குப் போகும் மின் ஒயர் எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிட வேண்டும். பெரிய கம்பெனிப் பெட்டிகளில் எஸ்.எம்.பி.எஸ். சொந்த அச்சில் இருப்பது வழக்கம். போனால் வெளியில் வாங்கிப் போட முடியாது, அதே மாடல்தான் தேட வேண்டும். அதனால்தான் ஊரில் அதிகம் புழங்கும் மாடலாகப் பார்த்து வாங்கச் சொல்கிறேன். அபூர்வமான பொருளைப் பாதுகாக்கிற பெட்டி அபூர்வமாக இருக்கக் கூடாது.

நான் வாங்கியது 2016-17 காலத்து வொர்க்ஸ்டேஷன் ஒன்று, ஜியான் ஈ3 ப்ராசசர். சாதாரண ஐ5 கணினி போதாதா என்றால், போதும். இதை எடுத்ததற்குக் காரணம் ரேம். இ.சி.சி. என்ற வகை ரேம் தன்னிடம் வந்த ஒரு பிட் தவறினால் தானே கண்டுபிடித்துத் திருத்திவிடும். சாதாரண அலுவலகக் கணினிகளில் இது வேலை செய்யாது. கடையில் பையன், "சர்வர் ரேம் சீப்பா இருக்கு சார், போடுங்க, எடுத்துக்கும்" என்றான். போட்டேன், எடுத்துக்கொள்ளவில்லை, கணினி கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்றது. பெரிய சர்வர்களிலிருந்து கழற்றிய ரேம் 'ரெஜிஸ்டர்டு' வகை. என் பெட்டிக்கு வேண்டியது 'அன்பஃபர்டு' இ.சி.சி. இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். இரண்டு நாள் போனது.

ஒரு பிட் தவறினால் என்ன குடி முழுகிவிடும்? யூனிகோடில் 'க' என்ற எழுத்தின் கடைசி பிட் புரண்டால் அது 'ஔ' ஆகிவிடும். கலை ஔலை ஆகும். இதைக் கண்டுபிடித்துவிடலாம், சிரித்துவிட்டுத் திருத்தலாம். ஸ்கேன் கோப்பில் தவறினால் ஒரு புள்ளியின் நிறம் மாறும், அல்லது சுருக்கிய கோப்பாக இருந்தால் பக்கமே திறக்காமல் போகும். மெதுவாக, யாருக்கும் தெரியாமல் இது நடக்கும். சுவடியைச் செல்லரிப்பதுபோல.

தமிழ் படித்தவனுக்கு இது புதிய பிரச்சினையல்ல, பாடபேதம்தான். உ.வே.சா. 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஊர்ச் சுவடிகளை வைத்துப் பார்த்தார். இரண்டு சுவடி மட்டும் இருந்து, இரண்டும் வேறுபட்டால் எது சரி? தட்டுகளை ஜோடி போடும்போதும் இதே கேள்விதான். இரண்டு தட்டிலும் ஒரே கோப்பை எழுதுகிறோம். ஒருநாள் இரண்டும் வேறு மாதிரி இருந்தால்? சாதாரண ஜோடி அமைப்புக்கு எது மூலம், எது பிழை என்று தெரியாது. இசட்.எஃப்.எஸ். என்கிற கோப்பமைப்பு – சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கி 2005இல் திறந்த மூலமாக்கியது – ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு அந்தத் துண்டோடு சேர்க்காமல் வேறிடத்தில் எழுதிவைக்கிறது. படிக்கும்போது கணக்கு ஒத்துவராத பிரதியைத் தள்ளிவிட்டு, ஒத்துவருகிற பிரதியிலிருந்து மற்றதைத் திருத்திவிடுகிறது. மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் முழுக்கப் படித்துப் பார்க்கச் சொல்லி வைத்திருக்கிறேன். இ.சி.சி. இல்லாமல் இசட்.எஃப்.எஸ். போடவே கூடாது என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். அப்படியொன்றும் இல்லை; இருந்தால் நல்லது, அவ்வளவுதான். காசு இல்லையென்றால் இ.சி.சி.யை விடுங்கள், இரண்டாவது தட்டை விடாதீர்கள்.

தட்டு விஷயத்தில் நிறையப் பேர் ஏமாந்திருக்கிறார்கள். ஹார்டு டிஸ்க்கில் எழுத்துத் தடங்கள் வட்டம் வட்டமாக அருகருகே கிடக்கின்றன. தனித்தனித் தடமாக எழுதுவது சி.எம்.ஆர். முறை. அதிக இடம் பிடிக்க, ஓட்டு வீட்டுக் கூரையில் ஓட்டின் மேல் ஓடு ஏறி நிற்பதுபோல ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் லேசாக ஏறி நிற்பது எஸ்.எம்.ஆர். முறை, அதன் ஆங்கிலப் பெயரே கூரை ஓட்டிலிருந்து வந்ததுதான். ஓடு மாற்றியவர்களுக்குத் தெரியும்: நடுவில் ஒன்றை மாற்ற மேலிருக்கிற வரிசையையெல்லாம் எடுத்து மறுபடி அடுக்க வேண்டும். எழுதி வைத்துவிட்டுச் சும்மா படிக்க இது பரவாயில்லை. ஜோடியில் ஒரு தட்டு செத்து, புதிய தட்டில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியிருக்கும்போதுதான் திணறும். மணிக்கணக்கில் முடிய வேண்டியது நாள்கணக்கில் இழுக்கும், சில சமயம் பாதியில் நின்றுவிடும். 2020இல் இது வெளிச்சத்துக்கு வந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல், சேமிப்புப் பெட்டிகளுக்கென்றே விற்ற 'ரெட்' வரிசையில் 2 முதல் 6 டி.பி. வரையிலான மாடல்களில் சொல்லாமலே எஸ்.எம்.ஆர். போட்டிருந்ததை அந்த ஏப்ரலில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பயன்படுத்தியவர்கள் தாங்களே சோதித்து, கேட்டுக் கேட்டு வாங்கிய பதில் அது. பிறகு சி.எம்.ஆர். தட்டுகளுக்கு 'ரெட் பிளஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஆகவே பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரை நம்பாமல், முழு மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு அது சி.எம்.ஆர். தானா என்று உறுதி செய்தபின் காசைக் கொடுங்கள். மூன்றரை அங்குலத் தட்டையே வாங்குங்கள். மடிக்கணினி அளவுத் தட்டுகளில் அதிகக் கொள்ளளவு என்றால் அது பெரும்பாலும் ஓட்டுக்கூரைதான். இரண்டு தட்டையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்காதீர்கள். ஒரே வார்ப்பில் வந்தவை ஒரே சமயத்தில் சாகக்கூடும்.

தட்டுகளைச் சேர்த்துக் கட்டுவதற்கு ரெய்டு என்று பெயர். 1988இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையில் அந்தச் சுருக்கப் பெயரின் ஓர் எழுத்துக்கு 'மலிவான' என்று பொருள். விலையுயர்ந்த ஒற்றைப் பெருந்தட்டுக்குப் பதில் மலிவான பல தட்டுகள் என்பதுதான் வாதமே. வியாபாரம் கையிலெடுத்ததும் அந்த எழுத்துக்கு 'சுயேச்சையான' என்று பொருள் மாறிவிட்டது. மலிவு என்று சொல்லி விலை அதிகமான பொருளை விற்க முடியாதல்லவா? ஒரு சொல்லை மட்டும் மாற்றி ஒரு வரலாற்றை எப்படித் துடைக்கிறார்கள் என்பதற்கு நல்ல உதாரணம். நாம் மலிவான என்றே வைத்துக்கொள்வோம். நான்கு தட்டு, ஐந்து தட்டு ஆசையெல்லாம் வேண்டாம். இரண்டு தட்டு, ஒன்றின் கண்ணாடி பிம்பமாக மற்றது. ஒன்று செத்தால் மற்றதைத் தனியாகக் கழற்றி வேறு கணினியில் மாட்டிப் படிக்கலாம். எனக்குப் பிறகு யாராவது மூடியைத் திறந்து பார்த்தால் அவர்களுக்கும் புரிய வேண்டும்.

ஆனால் கண்ணாடி பிம்பம் காப்புப் பிரதி ஆகாது. நான் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். திருட்டு, தீ, இடி – எல்லாம் இரண்டுக்கும் பொது. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற பணயத் தீநிரல், இணையத்துக்குத் திறந்து வைத்திருந்த கியூநாப் பெட்டிகளுக்குள் புகுந்து கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. எத்தனை தட்டு இருந்தும் பயனில்லை. என் பெட்டி வீட்டுக்குள் மட்டும்தான் தெரியும். வெளியூரிலிருந்து பார்க்கும் வசதி வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மின்சாரத்துக்கு வருவோம். பழைய பெரிய சர்வர்கள் ரிச்சி தெருவில் கொள்ளை மலிவு. ஆசைப்படாதீர்கள். அவை சும்மா இருக்கும்போதே நூறு வாட்டுக்கு மேல் குடிக்கும், வருடத்துக்கு 876 யூனிட்டுக்குக் குறையாது; விமானம் கிளம்புகிற சத்தம் வேறு. என் பெட்டி இரண்டு தட்டோடு 35 வாட் சுற்றி நிற்கிறது. இரண்டு மாதக் கணக்கில் 51 யூனிட். எங்கள் தெருவில் ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது கரண்ட் போகும். வீட்டு இன்வெர்ட்டரை யு.பி.எஸ். நிலையில் வைக்காவிட்டால் மாறுகிற அந்த இமைப்பொழுதில் கணினி அணைந்து எழும். தனியாக ஒரு சின்ன யு.பி.எஸ். வைத்தேன். யு.எஸ்.பி. ஒயர் வழியாகக் கணினிக்குச் செய்தி சொல்கிற வகையாகப் பாருங்கள். மலிவானவற்றில் அது இருக்காது. இருந்தால் பேட்டரி தீருமுன் கணினி தானே ஒழுங்காக மூடிக்கொள்ளும். வெயிலைப் பற்றி ரொம்பக் கவலைப்பட்டேன், மேல்மாடி அறை. கூகுள் பொறியாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில் சூட்டுக்கும் தட்டுச் சாவுக்கும் எதிர்பார்த்த அளவு தொடர்பு தெரியவில்லை. அதே ஆய்வில் என்னைக் கலக்கியது வேறொன்று: செத்த தட்டுகளில் 36 சதவீதத்துக்கு மேற்பட்டவை, சூட்டைத் தவிர்த்துப் பார்த்தால், எந்த முன்னெச்சரிக்கைக் குறியும் காட்டவில்லை. என் தட்டும் காட்டவில்லை. காற்று வர இடம்விட்டு, வடிகட்டித் துணியில் படிகிற தூசியை மாதமொரு முறை துடைக்கிறேன், அதோடு சரி.

பூட்டுப் போடுவதா வேண்டாமா? இதழ்களைப் பூட்டாமல் வைத்திருக்கிறேன். எனக்குப் பின் கடவுச்சொல் தெரியாமல் யாரும் நிற்கக் கூடாது. ஆனால் உண்மை அறியும் குழுக்களின் வாக்குமூலங்கள், பெயர் வெளியே தெரியக் கூடாதவர்களின் ஒலிப்பதிவுகள் வைத்திருக்கும் தோழர்கள் பூட்டியே வைக்க வேண்டும், கடவுச்சொல்லை நம்பிக்கையான இன்னொருவரிடம் தந்து. பீமா கோரேகாவ் வழக்கில் ரோனா வில்சனின் மடிக்கணினியில் தீநிரல் வழியாகக் கோப்புகள் புகுத்தப்பட்டதாக ஆர்செனல் கன்சல்டிங் என்ற அமெரிக்கத் தடயவியல் நிறுவனம் 2021இல் அறிக்கை தந்தது. நம் கோப்புகளின் சரிபார்ப்பு எண்களைத் தாளில் அச்சிட்டு, தேதியோடு வெளியே ஒருவரிடம் கொடுத்துவைப்பது வீண் வேலையல்ல.

கடைசியாக இடம். 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 அளவில் நூல்கள் போயின, சுவடிகளும் போயின. அவற்றில் வேறு எங்கும் பிரதி இல்லாதவை இருந்தன. 2005இல் ஈழத்து நண்பர்கள் நூலகம் என்ற மின்னூலகத்தைத் தொடங்கியதன் பின்னால் அந்த நெருப்பு இல்லாமல் இல்லை. என் மேல்மாடி அறையை யாரும் எரிக்க வரப்போவதில்லை. ஆனாலும் எல்லாம் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. மூன்றாவது பிரதி ஒரு எக்ஸ்டர்னல் தட்டில், திருநெல்வேலியில் நண்பர் வீட்டுப் பீரோவில் இருக்கிறது. அதுபோல் இன்னொன்று என்னிடம். மூன்று மாதத்துக்கொருமுறை போகும்போது புதியதைக் கொடுத்துப் பழையதை வாங்கி வருகிறேன். இந்தத் தட்டு எஸ்.எம்.ஆராக இருந்தாலும் பாதகமில்லை. அவருடைய கையெழுத்துப் பிரதிகளின் ஸ்கேன் என் பெட்டியில்.

அந்த 230 இதழ்களில் 148 திரும்பக் கிடைத்தன. 2020இல் ஒரு ஆய்வு மாணவிக்குப் பென்டிரைவில் கொடுத்திருந்த பி.டி.எஃப். நகல்கள், அடிக்குறிப்பு எழுத்துகள் உடைந்த குறைந்த தரத்தில். கொடுத்ததை நானே மறந்திருந்தேன், அவர் மறக்கவில்லை. மிச்சம் 82. எண்ணும் மாதமும் போட்ட பட்டியல் என்னிடம் இருக்கிறது. இந்த இதழின் முகவரிக்கு ஒரு அஞ்சலட்டை போட்டால் பட்டியலை அனுப்புகிறேன். யாரிடமாவது இருந்தால் இதழைத் தபாலில் அனுப்ப வேண்டாம்; ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு நானே வருகிறேன்.